வறண்ட சீமையில் படகு மோட்டார்: பழைய சீகல்லை வைத்து ஓட்டும் வழி

வேலூரில் குடியிருந்துகொண்டு படகு மோட்டார் வைத்திருக்கிறேன் என்றால் சிரிக்காதவர் இல்லை. "பாலாற்று மணலையா உழப் போகிறீர்கள்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வட ஆற்காட்டில் ஏரிக்குப் பஞ்சம் இல்லை. ஏரியில் தண்ணீருக்குத்தான் பஞ்சம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை ஒழுங்காகப் பெய்தால் மாசி வரை நீர் நிற்கும். அதன் பிறகு ஏரிக்குள் மாடு மேயும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு வந்து ஏரிகள் எல்லாம் நிரம்பி வழிந்து கோடி போனதைப் பார்த்தோம். அப்படிப்பட்ட ஆண்டை நம்பி யாரும் படகு வாங்க முடியாது.

ஆனாலும் ஒன்று சொல்வேன். படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் பழைய அவுட்போர்டு மோட்டாரைப் பாதுகாத்து வைக்க நம் மாவட்டம் நல்ல இடம். கடற்கரையில் உப்புக்காற்று அலுமினியத்தை மாவாக்கிவிடும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. இங்கே மோட்டாரைக் கெடுப்பவை இரண்டு: வெயில் ஒன்று, சும்மா கிடப்பது மற்றொன்று. தண்ணீர் இருக்கும் மாதங்களில் மோட்டார் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். தண்ணீர் இல்லாத மாதங்களில் கொல்லைப்புறத்தில் நீங்கள் அதை என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரையில் ஏரியைவிட, தண்ணீர் நிரப்பி மோட்டாரை ஓட்டிப் பார்க்கும் டிரம்மைப் பற்றி அதிகம் பேசுவேன்.

நான் வாலாஜாபேட்டையில் பம்புசெட்டு இன்ஜின் பழுதுபார்க்கும் பட்டறை நடத்தியவன். மின்சார மோட்டார்கள் வந்து ஆயில் இன்ஜின்களைக் கிணற்று மேட்டிலிருந்து விரட்டிய பிறகு கையில் வேலை குறைந்தது, கண்ணில் ஆசை கூடியது. என்னிடம் இருப்பது பிரிட்டிஷ் சீகல். 1931-இல் இங்கிலாந்தின் உல்வர்ஹாம்டன் நகரில் மார்ஸ்டன் கம்பெனியில் பிறந்து, பிறகு பூல் துறைமுக நகரத்துக்குக் குடிபோய், 1990கள் வரை பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் தயாரிக்கப்பட்ட மோட்டார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் சிறு படகுகளைத் தள்ளியதும் இதுதான். அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் 1909-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டார்தான் இந்தத் தொழிலையே நிலைநிறுத்தியது. அவர் பெயரில் வந்த மோட்டார்களும் ஜான்சன் மோட்டார்களும் அழகானவை, அமைதியானவை. ஆனால் முதல் மோட்டார் வாங்குபவருக்கு நான் சீகல்லைத்தான் சொல்வேன். அழகுக்காக அல்ல. பார்த்தால் ஒரு குழாயின் உச்சியில் சிலிண்டரும் அடியில் நீரைத் தள்ளும் விசிறியும் மாட்டியது போலத்தான் இருக்கும். மூடி கிடையாது, ஒளிக்க ஒன்றும் கிடையாது. நான்கைந்து ஸ்பானர் வைத்திருப்பவர் ஒரு மதியப் பொழுதில் முழுவதையும் பிரித்துவிடலாம்.

வாங்கும்போது பெயின்டைப் பார்க்காதீர்கள். உச்சியில் இருக்கும் கனத்த சக்கரமான ஃபிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஒரு இடத்தில் கை தடுக்கி, எதிர்த்துத் தள்ளி, பிறகு விட்டுக்கொடுக்க வேண்டும். தடுக்காமல் சுற்றினால் ரிங் போயிருக்கும் அல்லது சிலிண்டர் தேய்ந்திருக்கும். ஃபிளைவீலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கண்டால் கிராங்க் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. அது லேத்துக்காரரால் முடியக்கூடிய வேலைதான், ஆனால் விலையில் கழித்துப் பேசுங்கள். கியர்பாக்ஸ் அடியில் விரிசலும் வெல்டிங் தழும்பும் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். பெட்ரோல் தொட்டிக்குள் டார்ச் அடியுங்கள். பித்தளைத் தொட்டி என்றால் கவலை குறைவு. ஃபார்ட்டி என்ற வரிசை 64 சி.சி.; செஞ்சுரி வரிசை 102 சி.சி. சிறு படகுக்கு இரண்டில் எதுவும் போதும். குதிரைத்திறனைக் கேட்டு ஏமாறாதீர்கள். மூன்று நான்கு குதிரைதான், ஆனால் விசிறி பெரியது, மெதுவாகச் சுற்றும், கனத்த படகை நகர்த்தும்.

எண்ணெய்க் கலவைக்கு வருகிறேன். இங்கே ஒரு சண்டை போட்டுத்தான் ஆக வேண்டும்.

பழைய சீகல்லுக்குப் பத்துக்கு ஒன்று கலவை. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி எண்ணெய். பஜாஜ் சேத்தக்கும் ஆர்.எக்ஸ். 100-ம் ஓட்டி வளர்ந்தவர்களுக்கு இது அநியாயமாகத் தெரியும். 50-க்கு ஒன்று என்றால் 20 மில்லிதான், எதற்கு இத்தனை புகை என்று கேட்டுத் தங்கள் கணக்கில் குறைத்துவிடுவார்கள். குறைக்காதீர்கள். இந்த மோட்டாரின் கிராங்க் பால் பேரிங்கில் ஓடவில்லை, வெண்கல புஷ்ஷில் ஓடுகிறது. புஷ்ஷுக்கு எண்ணெய் வேறு வழியில் போகாது, பெட்ரோலோடுதான் போக வேண்டும். அதோடு, கிராங்க் அறையில் காற்று கசியாமல் அடைத்து நிற்பதும் அந்த எண்ணெய்ப் படலம்தான். எண்ணெயைக் குறைத்தால் முதலில் ஸ்டார்ட் ஆவது சிரமமாகும், பிறகு புஷ் போகும். பிற்காலத்தில் வந்த மோட்டார்கள் 25-க்கு ஒன்றுக்காக வடிவமைக்கப்பட்டவை. அவற்றுக்கு லிட்டருக்கு 40 மில்லி. உங்களுடையது எது என்று மோட்டாரின் நம்பரை வைத்துத் தெரிந்துகொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் பத்துக்கு ஒன்று. பிளக் கறுக்கும், புகை வரும், பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்துவார். கிராங்க் பிழைக்கும்.

எண்ணெய்க்கு விலை உயர்ந்த சரக்கு வேண்டாம். ரேசிங் பைக்குக்கான எண்ணெய் இதற்கு எதற்கு? சாதாரண 2டி (டூ-ஸ்ட்ரோக்) எண்ணெய் போதும். தொட்டிக்குள் ஊற்றிக் கலக்காதீர்கள். தனிக் கேனில் கலந்து, நன்றாகக் குலுக்கி, வடிகட்டி வைத்த புனல் வழியாக ஊற்றுங்கள். அளக்க மருந்துக் கடை அளவுக் குவளை நல்லது. பிளாஸ்டிக் பாட்டிலைக் கொண்டுபோனால் பங்கில் பெட்ரோல் தர மறுப்பார்கள், அது சரியும்கூட. இறுக்கமான மூடி உள்ள உலோகக் கேன் எடுத்துப் போங்கள். சித்திரை வெயிலில் அதைக் கழுத்து வரை நிரப்பாதீர்கள். பெட்ரோல் விரியும்.

பெட்ரோலே இப்போது வேறு சரக்காகிவிட்டது. பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் ஒன்றுசேர்ந்து அடியில் தனியாகத் தங்கிவிடும். கார்புரேட்டர் உறிஞ்சுவது அந்த அடிச்சரக்கைத்தான். பழைய ரப்பர் குழாய் ஊறி உப்பும். பழைய மோட்டார்களில் கார்க் மிதவை இருந்தால் அதன் மேல் பூசிய அரக்கை எத்தனால் கரைத்துவிடும். மிதவை பெட்ரோலைக் குடித்து மூழ்கும். கார்புரேட்டர் ஓயாமல் ஒழுகும். வழி ஒன்றுதான். தேவைக்கு மட்டும் வாங்குங்கள், அன்றைக்கே கலந்து அன்றைக்கே ஓட்டுங்கள், மீந்ததை மோட்டாரில் விடாதீர்கள். ஓட்டி முடிக்கும்போது பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டர் வறண்டு தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். நம் ஊர் வெயிலில் மூன்று வாரம் கிடந்தால் கிண்ணத்தின் அடியில் பழுப்புப் பிசின் படிந்துவிடும், ஜெட் துளை அடைபடும். ரப்பர் குழாயை எத்தனால் தாங்கும் புதிய ரகத்துக்கு மாற்றுங்கள்.

இனி டிரம். 200 லிட்டர் இரும்பு டிரம்மின் மேல்மூடியை வெட்டி எடுத்து, விளிம்பை மழுக்கி, ஒரு பக்கம் இரண்டு அங்குலப் பலகையை போல்ட் போட்டு இறுக்குங்கள். படகின் பின்பலகைக்குப் பதில் அது. மோட்டாரை அதில் மாட்டும்போது தண்ணீர் விசிறிக்கு மேலே ஒரு சாண் நிற்க வேண்டும். நீர் உறிஞ்சும் துளை மூழ்காமல் மோட்டாரை ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. விசிறியைக் கழற்றிவிட்டு ஓட்டினால் டிரம் அடங்கும். மாட்டியே ஓட்டினால் பாதித் தண்ணீர் உங்கள் வேட்டியில் இருக்கும். விசிறி இல்லாதபோது திராட்டிலை ஏற்றாதீர்கள், எதிர்ப்பு இல்லாமல் தலைதெறிக்கச் சுற்றும். பத்து நிமிடம் போதும். அதற்குள் டிரம் நீர் சூடேறிவிடும், சூடான நீரால் சிலிண்டரைக் குளிரவைக்க முடியாது.

எந்தத் தண்ணீர் என்பதை யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கடும் உப்பு. தோல் பதனிடும் பட்டறைகள் பாலாற்றுப் படுகைக்குச் செய்த காரியம் நமக்குத் தெரியும். அந்த நீரை ஓட்டினால் சிலிண்டரைச் சுற்றிய நீர்ப்பாதையில் வெள்ளைக் காரை படியும், பிறகு ஏரியில் எத்தனை நல்ல நீர் ஓடினாலும் மோட்டார் சூடாகும். மழைநீர் பிடித்து வையுங்கள், இல்லையென்றால் காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் டிரம்மை நிரப்புங்கள். ஏற்கெனவே படிந்த காரைக்கு எலுமிச்சை உப்பை நீரில் மெலிதாகக் கரைத்து நீர்ப்பாதையில் அரை மணி நேரம் நிறுத்தி, நன்றாக அலசிவிடுங்கள். வீரியமான அமிலம் வேண்டாம், அலுமினியம் போய்விடும். ஓட்டி முடித்த டிரம் நீரில் எண்ணெய் மிதக்கும். அதைக் கிணற்றோரத்திலோ கால்வாயிலோ கொட்டாதீர்கள். மரத்தூளைத் தூவி எண்ணெயை அதில் ஏற்றி அள்ளிவிட்டு, மீதியை வெயிலில் வற்றவிடுகிறேன். வேலூர் வெயிலால் கிடைக்கும் ஒரே லாபம்.

மாதம் ஒரு தடவை டிரம்மில் ஓட்டுங்கள். அமாவாசைக்கு அமாவாசை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

ஸ்டார்ட் செய்வதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். முதலில் தொட்டி மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறங்கள். "நேற்று ஓடியது, இன்று இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது" என்று என்னிடம் கொண்டுவந்த மோட்டார்களில் பாதி, இந்தத் திருகு மூடியிருந்த மோட்டார்கள். பிறகு பெட்ரோல் குழாயைத் திறந்து, கார்புரேட்டர் தலையில் இருக்கும் சிறிய குமிழை விரலால் அழுத்துங்கள். உள்ளே மிதவை அமுங்குவது விரலுக்குத் தெரியும். விட்டுவிட்டு அழுத்த, ஓரத்தில் ஒரு சொட்டு பெட்ரோல் எட்டிப் பார்க்கும். அங்கே நிறுத்துங்கள். சோக் தகட்டை மூடுங்கள். திராட்டிலைப் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வையுங்கள். கயிற்றின் முடிச்சை ஃபிளைவீல் தலைப்பள்ளத்தில் மாட்டி, ஒன்றரைச் சுற்றுச் சுற்றுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. மோட்டார் எதிர்த்து உதைத்தால் விரல் போகும். கொய்யாக் கட்டையில் ஒரு பிடி செதுக்கி முடிச்சிட்டு அதைப் பிடியுங்கள். பின்னால் ஆள் நிற்கவில்லை என்று திரும்பிப் பாருங்கள், ஏனென்றால் இழுத்த கயிறு முழுவதும் கழன்று உங்கள் முழங்கையோடு பின்னால் பறக்கும். இழுப்பதற்கு முன் மெதுவாக இழுத்து, அந்தத் தடுப்பு வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து ஒரே இழுப்பு. வெடுக்கென்று வேண்டாம், நீளமாக, சீராக.

பிடித்துக்கொண்டால் முதலில் இருமும். சோக்கைப் பாதி திறங்கள். மோட்டார் தொண்டையைச் சரிசெய்துகொள்ளும், நீலப்புகை தாழ்வாகப் படரும், அப்போது முழுதும் திறந்துவிடுங்கள். நான்கு இழுப்பில் பிடிக்கவில்லை என்றால் இழுப்பதை நிறுத்துங்கள். தோளுக்கு வேலை கொடுத்துப் பயனில்லை, மூளைக்குக் கொடுங்கள். பிளக்கைக் கழற்றுங்கள். ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம்: குழாயை மூடி, திராட்டிலை முழுதும் திறந்து, பிளக் இல்லாமலே சில முறை இழுத்து உள்ளே காயவிடுங்கள். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை: ஜெட், வடிகட்டி, காற்றுத் திருகு.

ஈரமும் சரி, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் பொறியைப் பாருங்கள். சிந்திய பெட்ரோலைத் துடைத்து, கேனை எட்ட வைத்துவிட்டு, பிளக்கின் உடலை மோட்டார் இரும்போடு ஒட்டவைத்து நிழலில் இழுங்கள். நீலமாகச் சுளீரென்று வந்தால் நல்லது. மஞ்சளாகச் சோம்பி வந்தால் பிளாட்டினம் பாயின்ட் கறுத்திருக்கும் அல்லது கண்டன்சர் போயிருக்கும். ஃபிளைவீலின் நடு நட்டைத் திருப்பினால் முதலில் இளகும், பிறகு மறுபடி இறுகும். இங்கேதான் பலர் பயந்து சுத்தியலை எடுப்பார்கள். எடுக்காதீர்கள். பொறிக்கு மின்சாரம் தரும் இந்த வில்லியர்ஸ் கம்பெனி மேக்னட்டோவில் அந்த நட்டே ஃபிளைவீலைக் கழற்றும் கருவி. இறுகிய பிறகும் திருப்பிக்கொண்டே போனால் ஃபிளைவீல் தானாக மேலே வரும். சென்னையில் என்ஃபீல்டு தயாரித்த ஃபேன்டாபுலஸ் ஸ்கூட்டரில் வேலை பார்த்த பழைய மெக்கானிக் யாராவது கிடைத்தால் கேளுங்கள், வில்லியர்ஸ் குடும்பத்தின் குணம் அவருக்குத் தெரியும். கழற்றிய ஃபிளைவீலைச் சும்மா வைக்காமல் காந்தங்களுக்கு இடையே ஓர் இரும்புத் துண்டைக் கொடுங்கள், பழைய காந்தம் வலுவிழக்காது. பாயின்ட் முகத்தை நைஸ் எமரித் தாளால் தேய்த்து, பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, இடைவெளியை அரை மில்லிமீட்டருக்கு வையுங்கள். பிளக் இடைவெளியும் அதே அரை மில்லிமீட்டர்தான், ஒரே ஃபீலர் கேஜ் போதும். கண்டன்சர் கிடைக்கவில்லை என்று காத்திருக்க வேண்டாம், 0.22 மைக்ரோஃபாரட் அளவில் 630 வோல்ட் தாங்கும் ஃபிலிம் ரகம் மின்னணுக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். பிளக் மட்டும் 18 மில்லிமீட்டர் மரை. ஸ்கூட்டர் பிளக் 14 மில்லிமீட்டர், அது பொருந்தாது. கண்ட இடத்தில் வாங்கி இரண்டு மூன்று கையிருப்பு வையுங்கள்.

கியர்பாக்ஸைப் பற்றி ஓர் ஆறுதல் வார்த்தை. திருகைத் திறந்ததும் மோர்க்குழம்பு நிறத்தில் எண்ணெய் வந்தால் சீல் போய்விட்டது என்று அலறாதீர்கள். சீகல் கியர்பாக்ஸில் நீர் நுழையத்தான் செய்யும், அப்படியே வடிவமைத்தார்கள். டிராக்டருக்கு ஊற்றும் 140 நம்பர் கியர் ஆயில் நீரோடு குழைந்தும் பல்லைக் காப்பாற்றும். ஆனால் அந்தக் குழம்பை மழைக்காலம் முடிந்ததும் வடித்துவிட வேண்டும். விட்டுவிட்டால் கோடையில் நீர் மட்டும் பிரிந்து அடியில் நின்று துருவாக்கும்.

படகுக்கு வருவோம். பழைய மோட்டாரைப் புதிய ஃபைபர் படகில் மாட்டுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. தப்பு ஒன்றும் இல்லை, மனம் வரவில்லை. 12 அடி மரப்படகு ஒன்று காசிமேட்டுப் பக்கம் பழையதாகக் கிடைத்தது. மரப்படகை நம் ஊரில் வைத்திருப்பவருக்கு ஒரு வேலை கூடுதலாக உண்டு. பங்குனி சித்திரையில் பலகைகள் சுருங்கி, இடைவெளியில் வெளிச்சம் தெரியும். அந்த நிலையில் தண்ணீரில் இறக்கினால் உட்கார்ந்த இடத்தில் மூழ்கும். அந்த இடைவெளியைப் பார்த்துப் பதறி எம்-சீல் வைத்து நிரப்பக் கூடாது. பலகை ஊறி விரியும்போது எம்-சீல் நகராது, பலகைதான் பிளக்கும். ஓட்டப் போவதற்கு நான்கு நாள் முன்பிருந்து உள்ளேயும் வெளியேயும் ஈரச் சாக்கு விரித்துக் காலை மாலை நனையுங்கள். வண்டி மேலோ முட்டுக்கட்டை மேலோ இருக்கும் படகில் தண்ணீரை நிரப்பாதீர்கள். ஒரு கன மீட்டர் நீர் ஒரு டன், படகின் விலா எலும்பு முறியும். ஏரிக்கரையில் ஓர் இரவு கல்லை வைத்துப் பாதி அமுக்கி விட்டால் மீதியும் ஊறிவிடும். அதற்குப் பிறகும் கசியும் இடத்தில் மட்டும் பஞ்சுத் திரியை உளியால் தட்டி இறக்கி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுங்கள். கடற்கரையில் படகு கட்டும் ஓடாவிகள் செய்வதும் அதுதான்.

மோட்டார் இரண்டு நீளத்தில் வரும்: பின்பலகை 15 அங்குலம் என்றால் குட்டைக் கால், 20 அங்குலம் என்றால் நெட்டைக் கால். விசிறி படகின் அடிமட்டத்துக்குக் கீழே முழுதாகத் தெளிந்த நீரில் நிற்க வேண்டும். மேலே இருந்தால் காற்றை உறிஞ்சி அலறும், படகு நகராது. பின்பலகைக்கும் திருகுக்கும் இடையே பிளைவுட் துண்டு வைத்து இறுக்குங்கள். அதோடு மோட்டாரை ஒரு கயிற்றால் படகோடு கட்டிவிடுங்கள். திருகு இளகி மோட்டார் ஏரியின் அடிக்குப் போன கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. பின்னால் நீங்களும் மோட்டாரும் உட்கார்ந்தால் படகின் பின்பக்கமான அமரம் தாழ்ந்து, முன்பக்கமான அணியம் வானத்தைப் பார்க்கும். முன்னால் ஓர் ஆளையோ மணல் மூட்டையையோ வையுங்கள்.

எங்கே ஓட்டுவது? கோட்டை அகழியில் ஓட்டலாமே என்று வேலூரில் எல்லோரும் யோசனை சொல்வார்கள். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், பேச்சுக்கே இடமில்லை. ஏலகிரி புங்கனூர் ஏரியில் படகு இல்லம் இருக்கிறது, அங்கே நம் படகுக்கு வேலை இல்லை. குடிநீர் எடுக்கும் ஏரியில் எண்ணெய்ப் புகை கக்கும் மோட்டாரைக் கொண்டுபோவது நமக்கே அழகல்ல. மற்ற ஏரிகளுக்கு நீர்வளத் துறையிடமோ ஊராட்சியிடமோ எழுத்தில் அனுமதி கேளுங்கள். அதைவிட முக்கியம், மீன் குத்தகை எடுத்தவரிடம் போய் வணக்கம் சொல்லுங்கள். வலை எங்கே கட்டியிருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். வலையைக் கிழித்துவிட்டு அனுமதிக் கடிதத்தை நீட்டினால் அவர் படிக்க மாட்டார். நம் ஏரிகளில் இன்னும் இரண்டு ஆபத்துகள். வறண்ட காலத்தில் ஏரிக்குள் மண்டிய சீமைக் கருவேலம் நீர் வந்ததும் முழங்கால் ஆழத்தில் மறைந்து நிற்கும். விசிறி அதில் மோதினால் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்வது சீகல்லில் உள்ள சுருள் ஸ்பிரிங். அது முறிந்தால் மோட்டார் சுற்றும், விசிறி சுற்றாது. மாற்று ஸ்பிரிங் ஒன்றும் இடுக்கியும் பையில் இருக்கட்டும். இன்னொன்று ஆகாயத்தாமரை. அதன் வேர் நீர்த்துளையை அடைத்துவிடும். ஓடும்போது அவ்வப்போது சிலிண்டரின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள். ஃபிளைவீல் திறந்தபடி சுற்றும் மோட்டார் இது. தோளில் துண்டு வேண்டாம், தொங்கும் தலைப்பு வேண்டாம், வேட்டியை மடித்துக் கட்டுங்கள். உயிர்காப்புச் சட்டை எல்லோருக்கும். நீந்தத் தெரியும் என்று சொல்பவருக்கும்தான். துடுப்பு இரண்டும் தண்ணீர் இறைக்க ஒரு டப்பாவும் இல்லாமல் கரையை விட்டுப் போகாதீர்கள்.

கிளட்ச் இல்லாத மோட்டார் என்றால் ஸ்டார்ட் ஆன நொடியிலேயே படகு கிளம்பிவிடும். ஆகவே துடுப்பால் கரையிலிருந்து நாலைந்து படகு நீளம் தள்ளிப் போய், அணியத்தைத் திறந்த நீருக்குத் திருப்பிவிட்டு, உட்கார்ந்தபடி கயிற்றை இழுங்கள். கரை சேரும்போது முன்கூட்டியே நிறுத்தி, மிச்ச வேகத்தில் மிதந்து வாருங்கள். பின்னோக்கி ஓட்டும் வசதி இல்லை. பிரேக் உங்கள் துடுப்பு.

வேகத்தைப் பற்றி ஆசை வைக்காதீர்கள். 12 அடிப் படகு தன் நீளத்துக்கேற்ப மணிக்கு 8 கிலோமீட்டர் அளவில் போகும். அதற்கு மேல் திராட்டிலைத் திருகினால் தன் அலையைத் தானே ஏற முயன்று அமரம் புதைந்து பெட்ரோல்தான் குடிக்கும். முழு வேகத்துக்குக் கொஞ்சம் கீழே ஓர் இடம் உண்டு. அங்கே மோட்டாரின் தடதடப்பு ஒரே சீராகும், பலகை அதிர்வது நிற்கும், படகின் பின்னே எழும் அலை மடியாமல் நீளும். அந்த இடத்தைக் கையில் பிடித்து, திராட்டிலை விட்டுவிட்டு, கைப்பிடியில் இரண்டு விரல் வைத்து உட்காருங்கள். நீர்க்காகங்கள் முதலில் விலகும், பிறகு இந்தச் சத்தத்தால் தீங்கு இல்லை என்று கண்டுகொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். என் பேரனுக்கு இந்த வேகம் போதவில்லை. அவனைக் கைப்பிடியில் உட்காரவைத்த பிறகு வேகத்தைப் பற்றிக் கேட்பதில்லை.

ஏரி ஏமாற்றிய ஆண்டில் கடலோரக் கழிமுகம்தான் கதி. ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் வழியாக மரக்காணம் பக்கம் போனால் உப்பங்கழி கிடைக்கும். அங்கே மீனவர்களின் டீசல் இன்ஜின்களுக்கு நடுவே சீகல்லை இறக்கினால் கூட்டம் கூடிவிடும். "அண்ணே, இது தையல் மிஷினா?" என்று ஒருவர் கேட்டார். கேட்டவரே பிறகு மணல் திட்டு எங்கே இருக்கிறது, ஏற்றம் எப்போது, வற்றம் எப்போது என்று சொல்லிக் கொடுத்தார். உள்ளூர்க்காரர் சொல்லும் வார்த்தையைக் கேட்காமல் முகத்துவாரத்தைத் தாண்டாதீர்கள். இந்த மோட்டாருக்குக் கடல் வேண்டாம்.

உப்புநீரில் ஓட்டிய அன்றைக்கே, எத்தனை மணிக்கு வீடு வந்தாலும், டிரம்மில் நல்ல நீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். மறுநாள் என்றால் உப்பு காய்ந்து உள்ளே கல்லாகிவிடும். வெளிப்பக்கத்தைக் கழுவித் துடைத்து எண்ணெய்த் துணியால் ஒரு தடவு. பருவம் முடிந்ததும் தொட்டியையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலிசெய்து, பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, ஃபிளைவீலைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, பிளக்கை மாட்டுங்கள். படுக்கவைக்காமல் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் உள்ளே வியர்க்கும். பழைய பருத்திப் புடவை நல்லது. ஓட்டுக் கூரைக்கு அடியில் தொங்கவிடுவதைவிடச் சுவரின் வடக்குப் பக்கம் சூடு குறைவு.

கடைசியாகக் குளவி. நம் ஊர்க் குளவிக்குப் புகைபோக்கித் துளையும் நீர்த்துளையும் அளவெடுத்துச் செய்த வீடு. ஒரு வாரத்தில் மண் கூடு கட்டி அடைத்துவிடும். அது தெரியாமல் டிரம்மில் ஓட்டினால் நீர் ஏறாமல் சிலிண்டர் காயும். இரண்டு துளைகளிலும் துணித் திரி அடையுங்கள். திரியின் மறுமுனை ஒரு முழம் வெளியே தொங்கட்டும், துணி நல்ல சிவப்பாக இருக்கட்டும், அதே துணியை ஸ்டார்ட் செய்யும் கயிற்றோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுங்கள். திரியைப் பிடுங்காமல் கயிற்றை எடுக்கவே முடியாது.